டீ ட்ரீ எண்ணெய்: எவ்வளவு, எங்கே, எப்போது வேண்டாம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில் முதல் கோடையைக் கழிக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு வரும் தொல்லைகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். டிசம்பர் பிறந்துவிட்டால் போட்ட சட்டை காயாது. கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண், முதுகில் பரு, தலையில் பொடுகு, கொசு கடித்துச் சொறிந்த இடத்தில் ஒரு சின்னப் புண். கோயிலிலோ வேலை செய்யும் இடத்திலோ வாய்விட்டுச் சொன்னால் போதும், "டீ ட்ரீ போட்டுப் பாருங்க" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். சாட்ஸ்வர்த், பீனிக்ஸ், மெரிபேங்க் என்று இந்திய வம்சாவளியினர் வாழும் பகுதிகளில் பல வீடுகளில் டெட்டால், சாவ்லான் குப்பிகளுக்கு நடுவே இந்தச் சின்னக் குப்பியும் நிற்கும்.

நான் இங்கே ஒரு கெமிஸ்ட் கடைக் கவுண்டரில் வேலை பார்க்கிறேன். வேலைக்கு வந்தவர்கள், படிக்க வந்த பிள்ளைகள், மகன் வீட்டில் சில மாதம் இருந்துவிட்டுப் போக வந்த அம்மாக்கள் என்று பலரும் இந்தக் குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நம்ம நீலகிரித் தைலம் மாதிரிதானே?" என்று கேட்பார்கள். வாசனை கொஞ்சம் அப்படித்தான் இருக்கும். ஆனால் நீலகிரித் தைலத்தை உள்ளங்கையில் ஊற்றி நெற்றி, நெஞ்சு, மூட்டு என்று தேய்த்துப் பழகிய கை, அதே பழக்கத்தில் இதைத் தொடக்கூடாது. இது கலந்து போடவேண்டிய எண்ணெய். கலக்கும் அளவும், எண்ணெய் புதிதா பழையதா என்பதும் தெரிந்துவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

எங்கிருந்து வந்த எண்ணெய்

நாம் குடிக்கும் டீக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. மெலலூக்கா ஆல்ட்டர்னிஃபோலியா என்ற சிறு மரத்தின் இலையையும் நுனிக் கிளையையும் ஆவியில் வாலை வடித்து எடுப்பது இது. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் வடகிழக்குக் கரையோரச் சதுப்பு நிலமும் ஓடைக்கரையும்தான் அதன் சொந்த ஊர். தாள்தாளாக உரியும் பட்டை, ஊசி போன்ற மெல்லிய இலை, வெள்ளைப் பூ. யூகலிப்டஸ், கிராம்பு, நாவல், கொய்யா எல்லாம் இதே குடும்பம். நூறு கிலோ பச்சைத் தழையை வடித்தால் ஒன்று முதல் இரண்டு கிலோ எண்ணெய் கிடைக்கும். வெட்டிய அடிமரம் மறுபடி துளிர்க்கும் என்பதால் ஒரே தோட்டத்தில் ஆண்டாண்டாக அறுவடை செய்யலாம். இன்று ஆஸ்திரேலியாவோடு நிற்காமல் சீனாவிலும், இங்கே தென்னாப்பிரிக்காவிலும், பக்கத்து ஜிம்பாப்வேயிலும் பயிரிட்டு வடிக்கிறார்கள்.

கேப்டன் குக்கின் மாலுமிகள் ஒரு செடியின் இலையைக் கொதிக்கவைத்துக் குடித்ததால் இந்தப் பெயர் வந்தது என்ற கதையை நிறைய லேபிள்களில் பார்க்கலாம். 1773இல் குக் நியூசிலாந்தில் தங்கியபோது அப்படிக் காய்ச்சியது மனுக்கா வகைச் செடி; நம் குப்பிக்குள் இருக்கும் மரம் அது இல்லை. கதை நன்றாக இருப்பதால் விற்பவர்கள் விடமாட்டேன் என்கிறார்கள்.

நிஜமான பழைய அனுபவம் பண்ட்ஜலுங் பழங்குடி மக்களுடையது. இந்த மரம் வளரும் நிலம் அவர்களுடையது. இலையைக் கசக்கிப் புண்ணில் வைத்துக் கட்டுவது, கசக்கிய இலையின் ஆவியைச் சளிக்கு முகர்வது என்று காலங்காலமாகப் பயன்படுத்தி வந்தார்கள். நம் பாட்டிகள் நொச்சியையும் வேப்பிலையையும் கையாண்ட முறைக்குப் பக்கத்தில் வரும். அவர்கள் பயன்படுத்தியது இலை. அதிலிருந்து வடித்தெடுத்த செறிவான எண்ணெய் அல்ல.

எண்ணெயை ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுவந்தவர் ஆர்தர் பென்ஃபோல்ட். சிட்னியில் இருந்த தொழில்நுட்ப அருங்காட்சியகத்தின் வேதியியலாளர். 1920களில் இவர் செய்த சோதனையில் இந்த எண்ணெய் கார்பாலிக் அமிலத்தைவிடச் சுமார் 11 மடங்கு வலிமையாகக் கிருமியைக் கொன்றது. கார்பாலிக் அமிலம் என்றால் சாதாரணப் பொருள் இல்லை. 1860களில் ஜோசஃப் லிஸ்டர் அறுவை சிகிச்சைக்குப் பயன்படுத்தத் தொடங்கி, பிறகு கிருமிநாசினிக்கே அளவுகோலாக நின்றது அது. அதையே மிஞ்சியது என்றதும் ஆஸ்திரேலிய மருத்துவர்களும் பல் மருத்துவர்களும் டீ ட்ரீயைக் கையில் எடுத்தார்கள். புதர்க்காட்டுக்குள்ளேயே அடுப்பு மூட்டி, தழையை வெட்டிக் கொண்டுவந்து போட்டு வடித்த காலம் அது.

அப்புறம் பென்சிலின் வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஆன்டிபயாட்டிக் மாத்திரை எங்கும் பரவ, டீ ட்ரீயைக் கேட்பார் இல்லாமல் போனது. 1970களில் இயற்கைப் பொருள்கள்மேல் மறுபடி ஆசை வந்தபோதுதான் அதற்கு மறுவாழ்வு. தோட்டமாகப் பயிரிட ஆரம்பித்தார்கள், மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிர் ஆய்வாளர்கள் முறையாக ஆராய்ந்தார்கள். எண்ணெயில் நூறு வேதிப்பொருள் இருந்தாலும் வேலையின் பெரும்பகுதியைச் செய்வது டெர்பினென்-4-ஆல். பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் ஓட்டை விழச் செய்து உள்ளே இருப்பதை ஒழுகவைத்துவிடும். பூஞ்சைகளையும் இப்படித்தான் தாக்குகிறது. ஆனால் சோதனைக் குழாயில் கிருமி சாவதும், ஒரு மனிதரின் காலில் புண் ஆறுவதும் வேறு வேறு விஷயம். லேபிளில் "கிருமிகளைக் கொல்லும்" என்று எழுதியிருப்பது பெரும்பாலும் முதல் வகைச் சேதி.

முதல் வேலை: சரியான குப்பியை வாங்குவது

கிளிக்ஸ், டிஸ்-கெம் போன்ற கடைகளிலும் சின்ன கெமிஸ்ட்களிலும் கிடைக்கும். அட்டையின் முன்பக்கத்தை விடுங்கள், பின்பக்கத்தைப் படியுங்கள். மெலலூக்கா ஆல்ட்டர்னிஃபோலியா என்ற தாவரப் பெயர் இருக்கவேண்டும். கயாபுட்டி, நியாவுலி, மனுக்கா, கனுக்கா என்று அக்கம்பக்கத்துச் சொந்தங்களும் அதே தட்டில் நிற்கும். அவற்றின் குணம் வேறு. "டீ சீட் ஆயில்" என்று ஒன்று உண்டு, அது டீச் செடி விதையின் சமையல் எண்ணெய். அதைப் பருவில் தடவிவிட்டு ஒன்றும் ஆகவில்லையே என்று வருந்திப் பயனில்லை.

பொருளில் 100 சதவீத எண்ணெயா, ஏற்கெனவே கலந்ததா என்று பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரிக் குப்பியில் வரும். நல்ல தயாரிப்பாளர்கள் ஐ.எஸ்.ஓ. 4730 என்ற சர்வதேசத் தரத்தைக் குறிப்பிடுவார்கள். 2017ஆம் ஆண்டின் திருத்தப்படி எண்ணெயில் டெர்பினென்-4-ஆல் 35 முதல் 48 சதவீதம் வரை இருக்கவேண்டும். யூகலிப்டஸ் வாசனை தரும் சினியோல் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. குப்பி காபிக்கலர் கண்ணாடியாக இருக்கட்டும். வாயில் சொட்டுமூடி இருந்தால் அளக்கவும் வசதி, குழந்தை ஒரே மூச்சில் கவிழ்த்துவிடவும் முடியாது. பெரிய குப்பி லாபம் என்று நினைக்காதீர்கள். ஒரு வீட்டுக்கு 10 மில்லி தாராளம். ஏன் என்பது அடுத்த பகுதியில்.

இரண்டாவது: பழசாகிவிட்டதா என்று பார்ப்பது

தமிழ் பேசும் மூத்தவர்கள் இங்கே அருகிக்கொண்டே வருகிறார்கள். அப்படி ஓர் ஆயா மெரிபேங்கிலிருந்து கடைக்கு வருவார். ஒரு நாள் முன்கை முழுக்கச் சிவந்து, சிறு சிறு கொப்புளமாக அரிப்போடு வந்தார். கைப்பையிலிருந்து ஒரு குப்பியை எடுத்து வைத்தார். பாதிக்கும் கீழே எண்ணெய், மூடியைச் சுற்றிப் பிசுபிசுப்பான மஞ்சள் வளையம், வெயிலில் வெளுத்துப்போன லேபிள். சமையலறை ஜன்னலில், விளக்குத்திரி டப்பாவுக்குப் பக்கத்தில்தான் எப்போதும் இருக்குமாம். மூடியைத் திறந்ததும் பெயின்ட் கடை டர்பென்டைன் வாடை மூக்கில் ஏறியது.

"பழசுதான் கண்ணு, ஆனா இப்பத்தான் நல்லா ஸ்ட்ராங்கா ஆயிருக்கு" என்றார்.

"ஸ்ட்ராங்கா ஆகல ஆயா, கெட்டுப்போச்சு. இதைத் தூக்கிப் போட்டுடலாம்" என்றேன். அவருக்கு மனசே இல்லை. பாதிக் குப்பி வீணாகிறதே என்ற கவலை.

காற்றும் வெளிச்சமும் சூடும் பட்டால் இந்த எண்ணெய் ஆக்சிஜனோடு சேர்ந்து மாறும். அப்படி உண்டாகும் பொருள்கள்தான் தோலில் அலர்ஜியைக் கிளப்புவதில் முன்னணியில் இருப்பவை. வாசனை காரமாக மாறுவதை வீரியம் கூடியதாக நினைப்பது எளிது, நடப்பது நேர் எதிர். ஒரு முறை அலர்ஜி வந்துவிட்டால் அப்புறம் புது எண்ணெய்க்கும் தோல் அதே ஆட்டம் ஆடும்.

அதனால் குப்பியைத் திறந்த அன்றே மாதத்தையும் ஆண்டையும் மார்க்கரால் அடியில் எழுதிவிடுங்கள். ஓர் ஆண்டு ஆனதும், வாடை மாறாவிட்டாலும், மாற்றிவிடுங்கள். மூடியை இறுக்கி, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். காரின் கப்பிஹோலில் (முன்பக்கச் சின்ன அறையில்) போட்டு வைக்கும் பழக்கம் இங்கே பலருக்கு உண்டு. ஜனவரி வெயிலில் நிறுத்திவைத்த காருக்குள் எந்த எண்ணெயும் உருப்படாது. சாமி மாடத்து விளக்குக்கு அருகிலும் வேண்டாம், இது சுமார் 60 டிகிரிச் சூட்டிலேயே தீப்பிடிக்கக்கூடிய ஆவியை விடும். எண்ணெய் துடைத்த துணியை டிரையரில் போடுவதும் ஆபத்து. துணி தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளலாம். நன்றாக அலசிக் கொடியில் காயப்போடுங்கள்.

மூன்றாவது: கலக்கும் கணக்கு

சொட்டுமூடியில் 20 சொட்டு ஏறக்குறைய ஒரு மில்லி. குப்பிக்குக் குப்பி சொட்டின் பருமன் மாறும் என்பதால், ஊசி இல்லாத ஒரு மில்லி சிரிஞ்சை கெமிஸ்டிடம் வாங்கிக்கொண்டால் கணக்கு சுத்தமாக இருக்கும்.

ஒரு டீஸ்பூன் என்பது 5 மில்லி. அதில் 5 சொட்டு விட்டால் 5 சதவீதம். 10 சொட்டு விட்டால் 10 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. பெரும்பாலான வேலைக்கு 5 சதவீதமே போதும். இந்த ஒன்றை மனசில் வைத்துக்கொண்டால் மீதிக் கணக்கை மறந்தாலும் பரவாயில்லை: ஒரு டீஸ்பூனுக்கு ஐந்து சொட்டு.

எதில் கலப்பது? தண்ணீரில் கலக்காது. வெந்நீர் பேசினில் பத்துச் சொட்டு விட்டுக் காலை வைத்தால், எண்ணெய் மேலே மிதந்து, கலக்காத நூறு சதவீதச் சரக்காகவே கணுக்காலில் ஒட்டும். குளிக்கும் தொட்டியில் விடுவதும் அதே கதை, எரிச்சல் எங்கே வரும் என்று சொல்லத் தேவையில்லை. கை காலுக்குத் தேங்காய் எண்ணெய் நல்லது. ஜூன், ஜூலையில் டர்பனிலும் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும். ஜோகன்னஸ்பர்க் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். அப்போது இங்கே எல்லா வீட்டிலும் இருக்கும் அக்வியஸ் கிரீம் கைகொடுக்கும். அவ்வப்போது வேண்டிய அளவு மட்டும் கலந்துகொள்ளுங்கள். கலந்து மாதக்கணக்கில் வைத்தால் மேலே சொன்ன பழசாகும் கதைதான்.

முதல் முறை போடும் முன் தோலைக் கேட்டுவிடவேண்டும். ஐந்து சதவீதக் கலவையில் ஒரு சொட்டை முழங்கையின் உட்பக்கம் தடவி இரண்டு நாள் விடுங்கள். சிவப்பு, அரிப்பு, தடிப்பு எதுவும் இல்லை என்றால் மேலே போகலாம். எக்ஸிமா என்ற தோல் அரிப்பு நோய் உள்ளவர்கள் இந்தச் சோதனையைக்கூட டாக்டரைக் கேட்டுவிட்டுச் செய்வது நல்லது.

நான்காவது: எதற்கெல்லாம் போடலாம்

முகப்பருவுக்கு இருக்கும் ஆதாரம் உருப்படியானது. சிட்னியில் 124 பேரை வைத்துச் செய்து 1990இல் வெளியான ஆய்வில், 5 சதவீத டீ ட்ரீ ஜெல்லும், வழக்கமான பரு மருந்தான 5 சதவீத பென்சாயில் பெராக்சைடும் இரண்டுமே பருவைக் குறைத்தன. டீ ட்ரீ மெதுவாக வேலை செய்தது, ஆனால் தோல் வறட்சி, எரிச்சல் குறைவு. மூன்று மாதம் பொறுமையாகப் போட்டு வந்த பலன் அது. கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது வாங்கிப் பயனில்லை. முகத்துக்கு மட்டும் வீட்டுக் கலவை வேண்டாம் என்பேன். தேங்காய் எண்ணெய் சிலருக்குப் பருவை இன்னும் கிளப்பும், கற்றாழை ஜெல்லில் இந்த எண்ணெய் சீராகக் கலக்காது. 5 சதவீதம் என்று போட்ட ரெடிமேட் ஜெல்லாகவே வாங்குங்கள்.

பொடுகுக்கும் ஓரளவு நல்ல பேர். ஓர் ஆய்வில் 5 சதவீத டீ ட்ரீ ஷாம்பூவை நான்கு வாரம் தினமும் போட்டவர்களுக்குப் பொடுகு 41 சதவீதம் குறைந்தது, மருந்தில்லாத ஷாம்பூ போட்டவர்களுக்கு 11 சதவீதம்தான். தலையில் மூன்று நிமிடம் ஊறவைத்து அலசியிருக்கிறார்கள். பலருக்கு அந்த மூன்று நிமிடம்தான் தவறிப்போகிறது. வீட்டில் செய்வதானால், 100 மில்லி ஷாம்பூக் குப்பியில் ஒரு டீஸ்பூன் ஷாம்பூவை எடுத்துவிட்டு ஒரு டீஸ்பூன் டீ ட்ரீ எண்ணெயை ஊற்றிக் குலுக்குங்கள். ஒவ்வொரு முறையும் குலுக்கவேண்டும். கண்ணுக்குள் வழியாமல் தலையைப் பின்னால் சாய்த்து அலசுங்கள். இரவு முழுக்கத் தலையில் எண்ணெய் ஊறவைக்கும் நம் வழக்கத்தை இந்த ஒரு மாதத்துக்குக் கைவிடுங்கள். பொடுகுக்குக் காரணமான பூஞ்சை எண்ணெயைத் தின்று வளர்வது.

சேற்றுப்புண் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், டர்பனில் அதிகம் கேட்கப்படும் கேள்வி அது. தொழிற்சாலையில் நாள் முழுக்க சேஃப்டி பூட்ஸ் போடுகிறவர்கள், ஓட்டல் சமையலறையில் ஈரத்தில் நிற்பவர்கள், யாரும் தப்பவில்லை. ஓர் ஆய்வில் 10 சதவீத டீ ட்ரீ கிரீம் அரிப்பையும் தோல் உரிவதையும் குறைத்தது, ஆனால் பூஞ்சையை விரட்டுவதில் வெறும் கிரீமைவிட மேலாக இல்லை. பிறகு 158 பேரை வைத்துச் செய்து 2002இல் வந்த ஆய்வில் 25, 50 சதவீதக் கரைசல்களைப் பார்த்தார்கள். 50 சதவீதம் போட்டவர்களில் 64 சதவீதம் பேருக்குப் பூஞ்சை போனது, வெறும் கரைசலில் 31 சதவீதம். கூடவே சிலருக்குத் தோல் புண்ணாகி நிறுத்தவேண்டியும் வந்தது. ஆக, பூஞ்சையைக் கொல்லும் அளவும் தோலைக் கெடுக்கும் அளவும் இங்கே பக்கத்துப் பக்கத்து வீடு. என் யோசனை இது: பூஞ்சைக்கு டெர்பினாஃபைன் அல்லது க்ளோட்ரிமசோல் கிரீமை கெமிஸ்டிடம் கேட்டு வாங்கி, சொன்ன நாள் வரைக்கும் போடுங்கள். அரிப்பு நின்றதும் நிறுத்துவதால்தான் திரும்பத் திரும்ப வருகிறது. டீ ட்ரீயை அதற்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம். புண் ஆறியபின், 5 சதவீதக் கலவையை வாரத்தில் சில நாள் விரலிடுக்கில் தடவினால் வாடையும் குறையும், காலும் சுத்தமாக இருக்கும். தடவுவதற்கு முன் விரலிடுக்கைத் துண்டால் ஒற்றி நன்றாகக் காயவிடுங்கள். இரண்டு ஜோடி செருப்பு, மாற்றி மாற்றிப் போடப் பருத்திச் சாக்ஸ் இவையும் இருந்தால் எந்த மருந்தும் சீக்கிரம் வேலை செய்யும்.

நகச்சொத்தைக்கு நீண்ட பொறுமை வேண்டும். கலக்காத எண்ணெயை ஆறு மாதம் தினம் இருமுறை நகத்தில் போட்டுப் பார்த்த ஆய்வில் அது க்ளோட்ரிமசோலுக்குச் சமமாக நின்றது. ஆனால் இரண்டிலுமே பூஞ்சை முழுசாகப் போனவர்கள் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. கலக்காமல் போடலாம் என்று நான் சொல்லும் ஒரே இடம் நகம்தான். அதுவும் சுற்றியுள்ள சதையில் வாசலின் தடவிவிட்டு.

கொசுக்கடி, சின்னச் சிராய்ப்புக்கு முதலில் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அப்புறம் வேண்டுமானால் 5 சதவீதம். கொசுவை விரட்ட இதை நம்பவேண்டாம். டர்பன் நகரத்தில் மலேரியா இல்லை, ஆனால் க்ரூகர் பூங்காவுக்கோ குவாசுலு-நட்டாலின் வடகோடிக்கோ சுற்றுலா போகிறீர்கள் என்றால் டீட் (DEET) என்ற மருந்து கலந்த கொசு விரட்டியும், டாக்டர் சொல்லும் மாத்திரையும்தான் வழி.

காவடிக் காலம்

தைப்பூசம் இங்கே வரும்போது உச்சக் கோடை. அம்கேனி ரோடு கோயிலுக்கும் மவுன்ட் எட்ஜ்கம்ப் கோயிலுக்கும் செருப்பில்லாமல் காவடி எடுத்து நடப்பவர்களுக்குத் தார்ச்சாலை என்ன செய்யும் என்று தெரியும். ஈஸ்டர் சமயத்தில் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் கூட்டம் நெரியும். விழா முடிந்த மறுநாள் எங்கள் கவுண்டரில் கொப்புளமும் அலகு குத்திய புண்ணும் டீ ட்ரீ கேள்விகளும் வந்து நிற்கும்.

அலகு குத்திய இடத்தில் டீ ட்ரீயை நேராகச் சொட்டவிடாதீர்கள். புதுப் புண்ணில் அது எரியும், ஆறும் சதையையும் கெடுக்கும். கொதித்து ஆறிய அரை லிட்டர் தண்ணீரில் தட்டையாக ஒரு டீஸ்பூன் உப்புப் போட்டு, அதில் நனைத்த சுத்தமான துணியால் ஒற்றி எடுப்பதே போதும். விபூதி தடவியிருந்தால் அதையும் மெதுவாகக் கழுவிவிடுங்கள், முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். நாக்கு, கன்னத்தின் உட்புறம் என்றால் உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கலாம், இந்த எண்ணெய் வாய்க்குள் போகவே கூடாது. விரதம் தொடங்கும்போதே டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று பார்த்துவிட்டால் நல்லது.

பாதத்துக் கொப்புளத்தை உடைக்கவேண்டாம். சூடுபட்ட பாதமானாலும், சமையலறையில் எண்ணெய் தெறித்த கையானாலும், 20 நிமிடம் ஓடும் குளிர்ந்த தண்ணீரில் காட்டுவதுதான் முதல் மருந்து. தீக்காயத்தில் டீ ட்ரீ கிடையாது.

இங்குள்ள இந்திய வம்சாவளிக் குடும்பங்களில் ஷுகர் மிக அதிகம். வந்து சேர்ந்த நம்மவர்களுக்கும் அப்படித்தான். ஷுகர் உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கலாம். எண்ணெய் எரிப்பதே தெரியாது, புண் ஆழமாவதும் தெரியாது. ஷுகர்காரர் காலில் எவ்வளவு சின்னப் புண்ணானாலும் கைவைத்தியம் செய்யாமல் கிளினிக்கில் காட்டுங்கள். இதில் மட்டும் நான் யாரிடமும் விட்டுக்கொடுத்துப் பேசுவதில்லை.

கிட்டேயே கொண்டுபோகக் கூடாத இடங்கள்

குடிக்கக்கூடாது. ஓமத்திரவம் போல வெந்நீரில் இரண்டு சொட்டு விட்டுக் குடிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடவே கூடாது. 10 மில்லிக்கும் குறைவாகக் குடித்த சின்னக் குழந்தைகள் கால் தள்ளாடி, அரைமயக்கத்தில் மருத்துவமனைக்குப் போன பதிவுகள் மருத்துவ இதழ்களில் இருக்கின்றன. வாய் கொப்பளிக்கவும் வேண்டாம். தப்பித்தவறி விழுங்கிவிடுவது வயதானவர்களுக்கும் நடக்கும்.

கைக்குழந்தையின் நெஞ்சிலோ மூக்கிலோ தடவக்கூடாது. கண், காதுக்குள், பிறப்புறுப்பு, ஆழமான வெட்டு, நாய் கடித்த இடம், உண்ணி கடித்த இடம் எதிலும் வேண்டாம். உண்ணி கடித்துக் கறுத்த பொருக்கோடு காய்ச்சலும் தலைவலியும் வந்தால் அது டிக் பைட் ஃபீவராக இருக்கலாம், அதற்கு ஆன்டிபயாட்டிக் மாத்திரை வேண்டும். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் போடவேண்டாம்.

வீட்டில் நாய், பூனை இருந்தால் இன்னும் கவனம். தெள்ளுப் பூச்சிக்கு இந்த எண்ணெயைத் தடவி, பின்னங்கால் செயலிழந்து நடுங்கிக் கிடக்கும் நிலைக்கு அவை போயிருக்கின்றன. பூனைக்குக் கலக்காத எண்ணெய் சில சொட்டுகளே விஷம். தெள்ளுக்குக் கால்நடை டாக்டர் தரும் மருந்து தனியாக இருக்கிறது.

நிறுத்தவேண்டிய நேரம்

போட்ட இடம் எரிந்து சிவந்தால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு நிறுத்துங்கள், "பழகிவிடும்" என்று தொடரவேண்டாம். சேற்றுப்புண்ணோ படர்தாமரையோ இரண்டு வாரத்தில் அடங்காவிட்டால், சிவப்பு பரவிக்கொண்டே போனால், சீழ், காய்ச்சல், புண்ணிலிருந்து மேலே ஏறும் சிவப்புக் கோடு தெரிந்தால் அன்றே டாக்டரிடம் போங்கள். பழைய குப்பியைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றாதீர்கள்; மூடியை இறுக்கிக் கெமிஸ்டிடம் கொடுத்தால் பழைய மருந்துகளோடு சேர்த்துக் கழித்துவிடுவார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கவைக்காதீர்கள். எண்ணெய் மூச்சுக்குழாய்க்குள் போனால் நுரையீரல் பாதிக்கும். குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நச்சுத் தகவல் உதவி எண் 0861 555 777ஐ அழையுங்கள், இரவு பகல் எப்போதும் எடுப்பார்கள். மயக்கமோ மூச்சுத்திணறலோ இருந்தால் நேராக ஆம்புலன்ஸ்: 10177, செல்போனிலிருந்து 112. எவ்வளவு குடித்திருக்கலாம், எப்போது, ஆளின் எடை என்ன, லேபிளில் எத்தனை சதவீதம் போட்டிருக்கிறது, இந்த நான்கையும் கேட்பார்கள்.